தேங்காய் முறிகண்டியில், காற்றில்லாத ரயர் டிக்கியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்து இரண்டு மழையும் விழுந்துவிட்டது, விதைப்பும் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, இனித் தை வரைக்கும் எங்கள் பக்கம் மாரிதான். மாரி வந்தால் உங்கள் பத்திரிகையில் டெங்கு பற்றி எழுதுகிறீர்கள், குளங்களின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் போடுகிறீர்கள், நல்லது. ஆனால் அந்த மழைக்குள் வாகனம் ஓடுகிறவன் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்று ஒருவரும் எழுதி நான் கண்டதில்லை. அதனால் நானே எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை, மாங்குளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கார், வான், பட்டா லொறி என்று கிடைத்ததை ஓட்டிப் பிழைக்கிற ஆள், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் கனடாவில் இருக்கிற என் மச்சான். போன கிழமை வீடியோவில் கதைத்துக்கொண்டு தன் காரின் டிக்கியைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு சின்ன மண்வெட்டி, கம்பளி, ஜம்பர் வயர், தடித்த மெழுகுதிரி, தீப்பெட்டி, ஒரு பை மண். மண் எதற்கடா என்றேன். பனியில் சில்லு சுற்றிக்கொண்டு நின்றால் ரயருக்கு முன்னால் தூவ வேண்டுமாம். மெழுகுதிரி, வழியில் இறுகி நின்றால் காருக்குள் கொஞ்சம் சூடாக இருக்க; அதையும் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்துவிட்டுத்தான் கொளுத்த வேண்டுமாம். அங்கே கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் பூட்டாமல் ஓடுவது சட்டப்படியே குற்றம், ஏனென்றால் 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் றப்பர் இறுகி வீதியைப் பிடிக்காது. பெற்றோலும் அரைத் தாங்கிக்குக் கீழே இறங்க விடுவதில்லையாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு எங்கே பனி என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஆனால் மனம் கேட்கவில்லை, போய் என் காரின் டிக்கியைத் திறந்து பார்த்தேன். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் உடைத்த தேங்காயில் ஒரு பாதி காய்ந்துபோய்க் கிடந்தது, ஒரு பை நிறையக் கச்சான் கோது, யாருடையதோ ஒற்றைச் செருப்பு, ஆவணியில் முடிந்த கலியாணத்தின் அழைப்பிதழ்க் கட்டு. விரிப்பைத் தூக்கி ஸ்பெயார் ரயரைப் பெருவிரலால் அமத்தினேன், பழுத்த விளாம்பழம் மாதிரி உள்ளே போனது. ஜக்கின் கைபிடியைக் காணோம். ஏ9 வீதியால் போகிற வருகிற நேரமெல்லாம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன், அதில் ஒரு குறையும் வைத்ததில்லை.

இத்தனைக்கும் நான் ஏற்கெனவே பட்டவன். மூன்று வருடத்துக்கு முன், விளக்கீட்டுக்கு முதல் நாள், அம்மாவையும் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவில் இருந்து வந்துகொண்டிருந்தேன். ஒட்டுசுட்டான் தாண்டி இருட்டிவிட்டது, கரிப்பட்டமுறிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு மதகுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. முன்னால் போன பஸ் நிற்காமல் இறங்கி ஏறியது. பஸ்ஸே போகுது, நாங்கள் போகமாட்டோமா என்று நானும் இறக்கினேன். பஸ் தள்ளிய அலை திரும்பி வந்து பொனற்றுக்கு மேலால் அடித்தது, கார் இரண்டு தரம் இழுத்துவிட்டு நின்றது. அதோடு விட்டிருந்தால் தப்பியிருப்பேன். பதற்றத்தில் சாவியைத் திரும்பவும் திருகினேன். 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

அந்த 'டக்' சத்தத்துக்குத்தான் பிறகு கராச்சில் மூன்று லட்சத்துக்கு மேல் கொடுத்தேன். எஞ்சின் காற்றைத்தான் இழுத்து அமத்தும். எயார் பில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் தண்ணீரை அமத்த ஏலாது, பிஸ்டன் மேலே வரும்போது அதைத் தள்ளுகிற கொன்றோட் என்ற தண்டு வளைந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரை இழுத்தாலும் இது நடக்கலாம், ஆனால் நின்றபிறகு திருகுவது நாங்களே கூப்பிட்டு எடுக்கிற நட்டம். ஆகவே இதை வாசிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, தண்ணீருக்குள் நின்ற வாகனத்தை ஸ்ராட் பண்ணாதீர்கள். ஆட்கள் இறங்கி, தள்ளி மேட்டில் ஏற்றி, பற்றரி வயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியே அடிக்கவைத்து, ஓயிலைப் பார்த்து (பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்) பிறகுதான் சாவி.

எவ்வளவு தண்ணீருக்குள் இறக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ஓடுகிற தண்ணீர் என்றால் இறக்காதே. கார் என்பது காற்று அடைத்த பெட்டி, தண்ணீரில் மிதக்கத்தான் பார்க்கும். ஒரு அடித் தண்ணீர் சின்னக் காரின் சில்லை வீதியில் இருந்து கிளப்பப் போதும், இரண்டு அடி ஓடும் தண்ணீர் ஜீப்பையும் கொண்டுபோகும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற பலம் நாலு மடங்காகும், இதை யாரும் கரையில் நின்று கண்ணால் மட்டுக்கட்ட முடியாது. மிசின் (உழவு இயந்திரம்) உயரமானது, அது போகும் என்பவர்கள் 2024 நவம்பரில் அம்பாறை காரைதீவில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும், மத்ரசாவில் இருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. மேலும், கலங்கல் தண்ணீருக்குக் கீழே மதகு இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று மேலே இருக்கிற எங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று, நாம் நிற்கிற இடத்தில் மழை இல்லை என்பதை நம்பக்கூடாது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எல்லாம் எங்கேயோ பெய்த மழைக்கும் வான் பாயும், அதாவது நிரம்பி வழியும். இரணைமடுவின் வான்கதவு திறந்தால் கீழே பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் வானம் வெளித்திருக்கும்போதே வீதிக்குத் தண்ணீர் வரும். 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பலர் நித்திரையால் எழும்பிப் பார்த்தபோது வாசலில் வெள்ளம் நின்றது. போகிற வழியில் எந்தக் குளத்தின் கீழ்ப்பகுதி வருகிறது என்பது ஓட்டுகிறவனின் மண்டையில் இருக்க வேண்டும்.

சரி, அன்றிரவுக்கு வருகிறேன். கார் நின்றது ஏழரை மணிக்கு, ஆள் வந்தது பத்தரைக்கு. அந்த மூன்று மணித்தியாலத்தில் என்னிடம் என்னென்ன இல்லை என்பது ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. போனில் நூற்றுக்குப் பதினொரு வீதம் சார்ஜ், சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக. (பிறகுதான் அறிந்தேன், கோல் போகாத இடத்திலும் எஸ்எம்எஸ் சில நேரம் போய்விடும். நான் கோல் எடுத்து எடுத்தே போனைச் சாக்காட்டினேன்.) ரோச் லைற் இல்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், குளிசை கைப்பையில் இருந்தது, சாப்பிட ஒரு விசுக்கோத்துக்கூட இல்லை. சுற்றி வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை. கடைசியில் மணல் ஏற்றப்போன ஒரு மிசின்காரத் தம்பி வந்து நின்றார், இழுக்கக் கயிறு இருக்கா அண்ணை என்றார். இல்லை. தன்னுடைய மாட்டுக்கயிற்றைக் கட்டி இழுத்தார், பாதி ஏறும்போது அறுந்தது, இரண்டாக மடித்துக் கட்டி மறுபடி இழுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அம்மாவுக்குத் தன்னிடம் இருந்த பணிசையும் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது என் டிக்கியில் கிடப்பதைச் சொல்கிறேன், கடையில் அழகான பெட்டியாக வாங்கியதில்லை, வீட்டில் கிடந்ததும் சந்தையில் வாங்கியதும்தான். பெருவிரல் மொத்தத்தில் இழுவைக்கயிறு 5 மீற்றர். தலையில் கட்டுகிற ரோச் லைற், ஏனென்றால் ரயர் மாற்றும்போது இரண்டு கையும் வேண்டும். பழைய படங்கு ஒன்று: மழைக்குள் ரயர் மாற்ற மேலே பிடிக்கலாம், சேற்றில் விரித்துக் கீழே படுக்கலாம், சில்லு சுற்றினால் மடித்து ரயருக்குக் கீழே வைக்கலாம், மச்சானின் மண் பைக்கு அதுதான் எங்கள் ஊர் மாற்று. ஜக், ஸ்பனர், ஜக்குக்குக் கீழே வைக்க ஒரு பலகைத் துண்டு. பலகை இல்லாவிட்டால் நனைந்த செம்மண்ணில் கார் உயராது, ஜக்தான் கீழே போகும். விழுந்த கொப்பு வெட்ட ஒரு கத்தி. மரமே விழுந்திருந்தால் மின்கம்பி கூட விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் கிட்டப் போகவேண்டாம். 5 லீற்றர் தண்ணீர், கிறீம் கிறக்கர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச்சீனித் தூள்) இரண்டு பக்கெற், அம்மாவின் குளிசையில் இரண்டு நாளுக்கு அளவானது, ஒரு பெட்சீற். குளிசையை மட்டும் டிக்கிக்குள் வைக்கவேண்டாம், வெயில் எறித்தால் வெந்துவிடும், அது என் சேட் பையில் வரும். பவர் பாங்க். 117 அனர்த்த முகாமைத்துவம், 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 119 பொலிஸ் என்று கடதாசியில் எழுதி முன்கண்ணாடி மூலையில் ஒட்டியிருக்கிறேன், வீட்டு நம்பரும் அதிலேயே. போன் செத்துவிட்டால் மனைவியின் நம்பரைக்கூடச் சொல்லத் தெரியாதவர்கள் எங்களில் எத்தனை பேர்!

ஒரு சின்னச் சுத்தியலும் இருக்கிறது, அது டிக்கிக்குள் அல்ல, சாரதி ஆசனத்துக்குக் கீழே. தண்ணீருக்குள் போனால் பவர் ஜன்னல் வேலை செய்யாமல் போகலாம், வெளித் தண்ணீரின் அமுக்கத்தில் கதவும் திறக்காது. அப்போது பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும், முன்கண்ணாடியில் அல்ல, அது நடுவில் தாள் வைத்து ஒட்டியது, வெடிக்குமே தவிர உடைந்து கொட்டாது. அதைவிட நல்லது, தண்ணீர் ஏறுகிறது என்று கண்டவுடனே பெல்ற்றைக் கழற்றி ஜன்னலை இறக்கி வெளியே வந்துவிடுவது. காரை நினைத்துக்கொண்டு உள்ளே இருக்காதீர்கள்.

வாகனத்தைப் பற்றிச் சொன்னால் முதலில் ரயர். மொட்டை ரயரோடு சோளகம் முழுக்க ஓடலாம், ஒன்றும் தெரியாது. மழை நனைந்த கார்ப்பெற் வீதியில் தெரியும். ரயரின் வெட்டுக்கள்தான் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன, அவை தேய்ந்தால் ரயர் தண்ணீருக்கு மேலே வழுக்கும், அந்த நேரத்தில் ஸ்ரேறிங்கும் பிரேக்கும் உங்கள் சொல் கேளாது. வெட்டுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், ரயர் அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துவிட்டால் மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர்தான். நான் அதற்கு முன்னமே மாற்றிவிடுவேன். ரயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது. பழசை மலிவாக வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து வாங்குங்கள்.

வைப்பர் றப்பரைச் சோளகக் காற்றும் வெயிலும் ஏழெட்டு மாதம் காய்ச்சி வைத்திருக்கும், முதல் மழைக்குக் கண்ணாடியில் கோடு கோடாக இழுக்கும், அதை மாற்றுவது பெரிய செலவில்லை. கண்ணாடி உள்ளுக்குள் புகைபிடித்தால் துவாயால் துடைத்துத் துடைத்து ஓடாமல் ஏசியைப் போட்டு முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள், ஈரத்தை ஏசிதான் இழுக்கும். பற்றரி முனையில் வெள்ளைத்தூள் பூத்திருந்தால் சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவலாம். ஜம்பர் கொடுக்கும்போது சிவப்பு முதலில் செத்த பற்றரிக்கு, மற்ற முனை நல்ல பற்றரிக்கு, பிறகு கறுப்பு நல்ல பற்றரிக்கு, கடைசி முனை செத்த வாகனத்தின் எஞ்சின் இரும்பில், பற்றரியில் இல்லை. ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடக் கவனம்: பல கார்களில் பெரிய பற்றரி பின் ஆசனத்துப் பக்கம்தான் இருக்கிறது, அதற்குக் காற்று இழுக்கிற துவாரமும் அங்கேதான். வெள்ளம் உள்ளே வந்த ஹைபிரிட்டில் செம்மஞ்சள் நிற வயரில் யாரும் கைவைக்கக்கூடாது, தெரிந்த ஆள்தான் தொடலாம்.

எலியையும் சொல்லிவிடுகிறேன். மாரிக்கு வளைக்குள் தண்ணீர் போனால் அது சூடான இடம் தேடிப் பொனற்றுக்குள் வரும், வந்தால் வயரைக் கடிக்கும், எலிக்குப் பின்னால் பாம்பும் வரும். காலையில் பொனற்றைத் திறந்து பார்க்கிற அரை நிமிடம் வீணில்லை. மோட்டார் சைக்கிள்காரரும் சீற்றைத் தூக்கிப் பாருங்கள்.

பெற்றோல் வரிசை எங்களுக்கு 2022இல் நல்ல பாடம் நடத்தியது, ஆனால் அந்த வரிசை போனதோடு பாடமும் போய்விட்டது, திரும்பவும் ஆயிரம் ரூபாய்க்கு அடித்துக்கொண்டு திரிகிறோம். புயலடித்துக் கரண்ட் போனால் ஜெனரேற்றர் இல்லாத நிரப்பு நிலையத்தில் பம்பு ஓடாது, வெள்ளம் வந்தால் பவுசரும் வராது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுக்க 600க்கு மேல் ஆட்கள் செத்துப்போனார்கள், பல இடங்களில் வீதியும் போனும் ஒன்றாகப் போய்விட்டன. அப்படியான நேரத்தில் தாங்கியில் இருப்பதுதான் பெற்றோல். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் அரைத் தாங்கிக்குக் கீழே விடாதீர்கள்.

எங்கள் மண்ணுக்கென்றே சில விடயங்கள் இருக்கின்றன, மச்சானின் டிக்கியில் அவற்றுக்குப் பொருள் இல்லை. முதலாவது கட்டாக்காலி மாடு. காலபோகத்துக்கு வயல் விதைத்ததும் மாட்டுக்கு நிற்க இடமில்லை, நிலம் முழுக்க ஈரம், சூடாகவும் காய்ந்தும் இருப்பது தார் வீதி ஒன்றுதான், ஆகவே இரவில் ஏ9இல் குடும்பத்தோடு படுத்திருக்கும். மழைக்குள் கறுத்த எருமை பத்து யார் தூரத்தில்தான் தெரியும். இதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பதுதான், வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது. மாட்டுக்காரரும் கொஞ்சம் மனம் வைக்கலாம்.

இரண்டாவது, வாகனம் பழுதாகி நின்றால் குழை முறித்துப் பின்னால் போடுவது. பகலில் சரி. இரவில் மழைக்குள் பச்சைக் குழை யாருக்குத் தெரியும்? சிவப்பு ஒளித்தெறிப்பு முக்கோணம் ஒன்று வாங்கி வையுங்கள், ஹசாட் லைற்றைப் போடுங்கள். முண்டு கொடுத்த கல்லை நடுவீதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அச்சில் போடக்கூடிய வார்த்தை வரவில்லை.

மூன்றாவது, மிதிவெடி. வீதியோரத்தில் சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருக்கிற இடத்தில் வாகனம் நின்றால் ஒதுங்குவதற்கென்றும் காட்டுக்குள் இறங்கவேண்டாம். வெள்ளம் மண்ணை அரித்துப் பழைய சாமானை இடம் மாற்றிக் கொண்டுவந்து போடும், பலகை இல்லாத இடத்திலும் சந்தேகமான இரும்பைக் கண்டால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் காட்டில் யானையும் நிற்கும், அதற்கு முன்னால் ஹோன் அடித்து வீரம் காட்ட வேண்டாம்.

வண்டிக்குள் இரவு தங்க நேர்ந்தால் எஞ்சினை ஓடவிட்டு ஏசியோடு நித்திரை கொள்ளாதீர்கள், சைலன்சர் வாய் சேற்றிலோ தண்ணீரிலோ அடைபட்டால் புகை உள்ளே வரும், அதில் இருக்கிற காபனோரொட்சைட் என்ற நஞ்சுக்கு மணமே இல்லை.

இவ்வளவும் எழுதும்போது ஒரு யோசனை வருகிறது. யுத்தகாலப் பொருளாதாரத் தடை இருந்தபோது இதே வன்னியில் நாங்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோம், ஸ்ராட் எடுக்க மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல். எந்த வீட்டிலும் ரியூப் ஒட்டுகிற சொலூசனும் கைப்பம்பும் இருந்தது. 2008 கார்த்திகையில் நிஷா புயல் அடித்தபோது தருமபுரம், விசுவமடுப் பக்கம் இடம்பெயர்ந்து படங்குக்குக் கீழே இருந்தவர்களிடம்கூட அடையாள அட்டையும் மாற்று உடுப்பும் வைத்த ஒரு பை எப்போதும் கட்டியபடி இருந்தது. இப்போது பட்டனை அமத்தினால் கார் ஓடுகிறது, ஸ்பெயார் ரயர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெடியன் போனில் தேடுகிறான். அந்தக் காலம் திரும்பி வரவேண்டாம், தயவுசெய்து வரவேண்டாம், அந்தப் பை கட்டுகிற பழக்கம் மட்டும் காருக்குள்ளாவது இருந்தால் போதும்.

கடைசியாகப் பொறுப்பானவர்களுக்கு ஒரு வேண்டுகோள், உங்கள் பத்திரிகை மூலமாக. தண்ணீர் மேவிப் பாய்கிற ஒவ்வொரு மதகிலும் பாலத்திலும் இரண்டு பக்கமும் ஒரு சீமெந்துத் தூண் நட்டு, அரை அடி உயரத்தில் ஒரு மஞ்சள் கோடு, ஒரு அடி உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிடுங்கள். நான் அகப்பட்ட மதகில் இன்றைக்கும் அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையப் பெடியள், கேட்டுக்கொண்டிருந்தால் நடக்காது என்று சொல்லி, ஊருக்குள் இருக்கிற இரண்டு மதகுக்குப் பழைய வேலித்தூணும் மிஞ்சிய பெயின்ற்றும் கொண்டுபோய்ப் போன ஞாயிற்றுக்கிழமை தாங்களே போட்டுவிட்டார்கள். நேற்றைய மழைக்கு மஞ்சள் கோடு மறைந்திருந்தது. நான் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாகனச் சாரதி,
மாங்குளம்.